எந்த முகத்தோடு போவது?

தென்கொரியாவுக்கு உழைக்கப் போன நம் நாட்டுப் பிள்ளைகள் இன்று ஏராளம். 2004ஆம் ஆண்டு அந்நாடு தொடங்கிய தொழில் அனுமதித் திட்டத்தின் வழியாக, கொரிய மொழிப் பரீட்சையில் தேறி, தொழிற்சாலைகளுக்கும் மீன்பிடித் தொழிலுக்கும் போகிறார்கள். அங்கே போய்த் தங்கும் பிற நாட்டார், நம்மவராயினும் ஆங்கிலம் கற்பிக்கப் போகும் வெள்ளைக்காரராயினும், அடிக்கடி சொல்லும் குறை ஒன்றுண்டு. "பிழை தங்களுடையது என்று தெரிந்தாலும் இந்த மனிதர்கள் வாய் திறந்து மன்னிப்புக் கேட்பதில்லை" என்பதே அது.

மேலாளர் எல்லோருக்கும் முன்னால் ஒருவரை ஏசிவிடுவார். பிறகுதான் தவறு அவருடையது என்று தெரியவரும். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஆனால் அன்று மாலை சாப்பாட்டுக்கு அழைத்துப் போவார். அல்லது மேசையில் ஒரு கோப்பியை வைத்துவிட்டுப் பேசாமல் நகர்ந்துவிடுவார். வந்தவருக்கு இது விளங்குவதில்லை. "சோற்றைப் போட்டு வாயை மூடப் பார்க்கிறார்" என்று நினைப்பார். கொரியரோ, "இதைவிட எப்படிச் சொல்வது?" என்று நினைப்பார்.

அவர்களிடம் 'செம்யோன்' என்று ஒரு சொல் இருக்கிறது. உடம்பு, முகம் என்ற பொருளுடைய இரண்டு எழுத்துக்கள் சேர்ந்தது. நாலு பேருக்கு முன்னால் ஒருவருக்குள்ள மதிப்பைக் குறிப்பது. பெரியவர் சிறியவரிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டால் அது உடைந்துவிடும் என்று பயம். ஆனால் இதே நாட்டில்தான் கம்பனித் தலைவர்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் இடுப்பு வளைத்துக் குனிந்து நிற்கிறார்கள். 2014 டிசம்பரில், கொட்டைப் பருப்பைத் தட்டில் வைக்காமல் பையோடு கொடுத்தார்கள் என்று கோபித்து, ஓடத் தொடங்கிய விமானத்தையே திருப்ப வைத்தார் கொரியன் எயார் தலைவரின் மகள். "மகளைச் சரியாக வளர்க்கவில்லை" என்று தகப்பன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஆக, மன்னிப்புக் கேட்கத் தெரியாதவர்கள் அல்ல. எங்கே சொல்லால் கேட்பது, எங்கே செயலால் கேட்பது என்பதில் அவர்களுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது.

சகோதரிகளே, இது நமக்குப் புதிதா? நம் தமிழைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். முகத்தாட்சணியம் என்கிறோம். முகம் முறிந்து போனது என்கிறோம். முகம் கொடுத்துப் பேசவில்லை, முகத்தில் கரி பூசிவிட்டான், இனி எந்த முகத்தோடு அந்த வாசலை மிதிப்பேன்! கொரியருக்கு ஒரு சொல் என்றால் நமக்கு ஒரு பெட்டி நிறையச் சொற்கள். ஆனால் வீட்டுக்குள்ளே கணவனுக்கு மனைவியோ, மாமியாருக்கு மருமகளோ "மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால், நாடகத்தில் பேசுவதுபோல் இருக்கும். யாழ்ப்பாணத்தவரிடம் "குறை நினையாதையுங்கோ" என்றொரு அழகான பேச்சு உண்டு. செய்தது பிழை என்று ஒப்புக்கொள்ளாமல், நீங்கள் மனம் கோணக்கூடாது என்று மட்டும் கேட்கும் பேச்சு. யார் முகமும் முறியாது.

இந்தக் கலையை யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி மக்களைப்போல் பழகியவர்கள் குறைவு. காரணம் கடல். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிறவர்கள் எல்லோரும் குறிகட்டுவான் துறையில்தான் வந்து நிற்க வேண்டும். ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குக் கடப்பவர்கள் 'பாதை' என்ற மிதவையில் ஏறவேண்டும். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலமளவு கடற்பயணம். கோபித்துக்கொண்டு வேறு பஸ்ஸில் போக வழியில்லை. காணி எல்லைக்காகப் பத்து வருடம் கதைக்காதிருப்பவர்களும் ஒரே வள்ளத்தில் முழங்கால் முட்ட உட்கார்ந்துதான் பட்டினத்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அலை எழும்பி வள்ளம் சரியும்போது பகையாளியின் பிள்ளையையும் பிடித்துக்கொள்ளத்தானே வேண்டும்!

அப்படிப்பட்ட இடத்தில் சண்டையை முடிக்கவும் சொல் தேவைப்படுவதில்லை. "நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகவேணும்" என்பது யாழ்ப்பாணத்து வழக்கு. மரண வீட்டுக்கு அழைப்பு வேண்டியதில்லை. ஆகவே அங்கே போவதில் தோற்றவரும் இல்லை, வென்றவரும் இல்லை. பெண்களுக்கு இன்னும் எளிய வழி தெரியும். பிள்ளையின் கையில் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புவது. பொங்கலோ, ஒடியல் கூழோ, நம் வீடுகளில் நோன்புக் கஞ்சியோ வட்டிலப்பமோ. கிண்ணம் வெறுமனே திரும்பாமல் ஒரு பிடி சீனியோடு திரும்பி வந்தால் விஷயம் முடிந்தது. சாக்வா என்ற கொரியச் சொல்லுக்கு ஆப்பிள் என்றும் பொருள், மன்னிப்பு என்றும் பொருள். இந்தச் சொல்விளையாட்டை வைத்தே, ஒக்டோபர் 24ஆம் தேதி ஆப்பிளைக் கொடுத்துச் சமாதானமாகும் வழக்கத்தை அங்குள்ள பள்ளிக்கூடங்களில் கொண்டுவந்தார்கள். நம் கிண்ணத்துக்கும் அந்தப் பழத்துக்கும் பெரிய தூரமில்லை.

இதுவரை சொன்னது அயல்வீட்டுச் சண்டை. இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சமம். நாளைக்கும் அதே துறையில்தான் இருவரும் நிற்பார்கள். ஆயுதம் வைத்திருப்பவன் வெறுங்கையனுக்குச் செய்த அநியாயத்தையும் இப்படிக் கிண்ணத்தில் வைத்து அனுப்ப முடியுமா?

1985 மே 15ஆம் தேதி காலை. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட 'குமுதினி' படகை நடுக்கடலில் மறித்து ஏறியவர்கள், பயணிகளை வாளாலும் கோடரியாலும் வெட்டினார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். குறைந்தது 23 பேர் மாண்டதாகச் சர்வதேச மன்னிப்புச் சபை பதிவுசெய்தது. ஊரார் சொல்லும் கணக்கு 36. (அந்தச் சபைக்குத் தமிழில் வைத்த பெயரைப் பாருங்கள், மன்னிப்பு அங்கே பெயரில் மட்டும்தான் இருந்தது.) வந்தவர்கள் கடற்படையினர் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். அரசாங்கம் மறுத்தது. எவரும் தண்டிக்கப்படவில்லை. குமுதினியைத் திருத்தி மறுபடி ஓடவிட்டார்கள். வேறு வழியில்லாத மக்கள் அதிலேயே ஏறினார்கள். நாற்பது ஆண்டுகள் கடந்தும் மே 15இல் நெடுந்தீவு மாவிலித்துறையில் கூடி அழுகிறார்கள்.

அந்தச் சனங்களின் வலியைச் சொல்லும்போது நம் வலியும் சேர்ந்தே வருகிறது. நயினாதீவில் நாகபூஷணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் இருப்பது நாடறிந்தது. அங்கே முஸ்லிம்களுக்கும் ஒரு பள்ளிவாசல் உண்டு என்பது நம்மில் பலருக்கே தெரியாது. அப்படி ஒன்றாக இருந்த வடபுலத்தில்தான் 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தாருக்கு, அந்த மாதம் 30ஆம் தேதி, கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். காதிலும் கழுத்திலும் கிடந்ததைக் கூடக் கழற்றி வாங்கினார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினார்கள். நேற்றுவரை பெருநாளுக்கு நாலு வீட்டுக்குப் பலகாரம் அனுப்பிய பெண், மாற்றுத் துணிக்காக வரிசையில் நின்றாள்.

மானம் போவது யாருக்கு என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. மன்னிப்புக் கேட்டால் கேட்கிறவனின் முகம் போய்விடும் என்றே எப்போதும் பேசுகிறோம். ஆனால் அந்த வரிசையில் நின்ற பெண்ணின் முகம் எப்போதோ போய்விட்டதே! அவளை விரட்டியது நியாயம் என்று ஊர் நினைக்கும்வரை, அவள் எதையோ செய்துதான் விரட்டப்பட்டாள் என்ற பழி அவள்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். "நீ ஒன்றும் செய்யவில்லை, பிழை எங்களுடையது" என்று பலரறியச் சொல்லும்போதுதான் அந்த முகம் அவளுக்குத் திரும்பக் கிடைக்கிறது. சோறும் கோப்பியும் இதைச் செய்யாது.

பன்னிரண்டு வருடங்கள் கழித்து, 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் பிரபாகரன் பத்திரிகையாளர்களைச் சந்தித்தபோது இந்தக் கேள்வி எழுந்தது. நடந்ததற்கு மன்னிப்பு என்ற வார்த்தையை அன்ரன் பாலசிங்கம் சொன்னார். சில நாளில், 13ஆம் தேதி, ரவூப் ஹக்கீமுக்கும் பிரபாகரனுக்கும் உடன்பாடு ஏற்பட்டது. முஸ்லிம்கள் திரும்பி வரலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை என்று நான் சொல்லமாட்டேன். வெளியேற்றியவர்களே அது தவறு என்றார்கள். அதன்பிறகு அதை நியாயப்படுத்த வருகிறவனுக்கு வாயில்லை. ஆனால் வீடு? கடை? கழற்றி வாங்கிய தாலியும் சவடியும்? சொல் வந்தது, பின்னால் ஒரு கிண்ணம்கூட வரவில்லை. கொரிய மேலாளர் கிண்ணத்தைத் தந்து சொல்லை மறைத்தார். இங்கே சொல்லைத் தந்து கிண்ணத்தை மறந்தார்கள்.

அரசாங்கங்களுக்கும் இது எப்போதாவது வாய்க்கிறது. 1983 ஆடிக் கலவரத்துக்காக 2004 ஜூலையில் ஜனாதிபதி சந்திரிகா மன்னிப்புக் கேட்டார். கொரோனாக் காலத்தில் 276 முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. அவற்றில் பிறந்து 20 நாளேயான ஒரு குழந்தையும் இருந்தது. அடக்குவதால் கிருமி பரவாது என்று உலக சுகாதார நிறுவனம் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தும் நடந்த காரியம் இது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. நல்லது. அந்தக் குழந்தையின் தாய் வாசலுக்கு ஒருவர் போய், அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது.

ஹஜ்ஜுக்குப் புறப்படுமுன் நம் வீடுகளில் பொருத்தம் கேட்கும் வழக்கம் இருக்கிறதல்லவா? உறவுக்காரர், சம்பந்திமார், கூட்டாளிகள் என்று வீடு வீடாகப் போய், "ஏதும் பிழை செய்திருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள்" என்போம். அவர்களும் அழுது கட்டிப்பிடித்து அனுப்புவார்கள். ஐந்து வருடம் நம் அடுப்படியில் வேலை செய்து, காணாமற்போன ஒரு மோதிரத்துக்காக நாம் அனுப்பிவிட்ட பெண்ணின் வீடு அந்தப் பயணத்தில் இருக்கிறதா? மோதிரம் பிறகு அலுமாரிக்குப் பின்னால் கிடைத்திருக்கும். பயணக் காசில் ஐந்நூறை யாரிடமாவது கொடுத்தனுப்பியிருப்போம். "நீ எடுக்கவில்லை" என்று அவள் தெருவில் நின்று சொல்ல, எந்த வீட்டுக்காரிக்குத்தான் கால் எளிதில் நகரும்?