தெர்மோஸ்டாட்டைக் கழற்றும் முன் சென்சாரைப் பாருங்கள்

சித்திரை வெயில் ஏறியதும் காரைக்குடிப் பட்டறைகளுக்கு ஒரே மாதிரியான புகார்கள் வரத் தொடங்கும். 'சாவியைப் போட்டவுடனே ஃபேன் ஓடுது, நிக்கவே மாட்டேங்குது.' 'காலையில ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்குது.' 'வண்டி பெட்ரோலைக் குடிக்குது, பின்னாடி கறுப்புப் புகை வேற.' தனித்தனியே பார்த்தால் இவற்றுக்குப் பல காரணங்கள் இருக்கலாம். மூன்றும் ஒரே வண்டியில் சேர்ந்து வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கட்டைவிரல் அளவே உள்ள ஒரு பித்தளை உருப்படியைத்தான். அதன் பெயர் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார்.

ஆனால் சந்தேகம் பெரும்பாலும் அங்கே போவதில்லை. 'அண்ணே, தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுடலாம்ணே, அப்புறம் ஹீட்டே ஆகாது' என்பது ஒரு வைத்தியம். ஃபேனுக்குத் தனியாக ஒயர் இழுத்து, சாவி போட்டால் ஓடும்படி 'டைரக்ட்' கொடுத்துவிடுவது இன்னொன்று. கார்புரேட்டர் வைத்த அம்பாசடரும் பழைய மாருதி 800-ம் இவற்றைத் தாங்கிக்கொண்டன. அந்த வண்டிகளில் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கக் கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. இன்றைய வண்டியில் இந்த இரண்டு வைத்தியங்களும் நோயை வளர்ப்பவை. இதைத் தயக்கமின்றிச் சொல்லலாம்.

சென்சாரின் வேலை எளிமையானது. அதன் முனையில் இருப்பது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். என்ஜினைக் கட்டுப்படுத்தும் ஈசியு 5 வோல்ட்டை அனுப்பி, திரும்பக் கிடைக்கும் அளவை வைத்துக் கூலன்ட் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று கணக்கிடுகிறது. எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது, ஸ்பார்க்கை எப்போது விடுவது, ஃபேனை எப்போது போடுவது என எல்லாவற்றிலும் இந்தக் கணக்குக்குப் பங்குண்டு. ஒயர் அறுந்துபோனால் ஈசியு-வுக்குத் தெரிவது மைனஸ் 40 டிகிரி. காரைக்குடியில் மைனஸ் 40-ஐ எந்தக் கம்ப்யூட்டரும் நம்பாது. ஆகவே ஏதோ கோளாறு என்று முடிவு கட்டி, பாதுகாப்புக்காக ஃபேனை முழு வேகத்தில் ஓடவிடுகிறது, செக் என்ஜின் விளக்கையும் ஏற்றுகிறது. இது நல்ல விதமான பழுது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிறது.

மோசமானது அரைகுறைப் பழுது. என்ஜின் 90 டிகிரியில் இருக்கும்போது சென்சார் 40 என்று சொல்லும். விளக்கு எரியாது. ஈசியு அதை நம்பி, குளிர்ந்த என்ஜினுக்குக் கொடுப்பதுபோல் கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். மைலேஜ் விழும், ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும். மாதக்கணக்கில் விட்டால் எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் கெடுக்கும். சில நூறு ரூபாய் சென்சாரைக் கவனிக்காமல் விட்டு, பல ஆயிரங்களில் முடிவது இப்படித்தான். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிய வண்டிக்கும் ஏறக்குறைய இதே கதி. என்ஜின் தனக்குரிய சூட்டை எட்டவே எட்டாது, பி0128 என்ற பழுதுக் குறியீடு வந்து உட்காரும்.

சரி, வீட்டு வாசலில் வைத்தே இதை மாற்ற முடியுமா? பெரும்பாலான சிறிய பெட்ரோல் கார்களில் முடியும். இரண்டு சக்கர வண்டிக்குச் செயின் ஸ்பிராக்கெட் மாற்றிய கைக்கு இது கடினமே இல்லை.

மாற்றுவதற்கு முன் சோதிக்க வேண்டும், அதற்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். கழற்றிய சென்சாரின் இரண்டு முள்ளிலும் மீட்டரை வைத்தால், பொதுவாக 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம் காட்டும் என்று கையேடுகள் சொல்லும். செட்டிநாட்டில் வெப்பநிலை பெரும்பாலும் அந்த 20-க்கு மேலேதான் என்பதால், இங்கே அதைவிடக் குறைவாகக் காட்டினால் பதற வேண்டாம். அதே சென்சாரின் பித்தளை முனையைக் கொதிநீர் ஊற்றிய டம்ளரில் இறக்கினால் எண் மளமளவென்று இறங்கி, 80 டிகிரி வாக்கில் 300 ஓமுக்கு அருகே வந்து நிற்க வேண்டும். இடையில் தாவினாலோ, இறங்காமல் ஒரே இடத்தில் நின்றாலோ சென்சார் போய்விட்டது. சரியாக இறங்கினால் குற்றவாளி சென்சார் அல்ல. கனெக்டரில் பச்சை பூத்திருக்கலாம், எலி ஒயரைக் கடித்திருக்கலாம். இதைப் பார்க்காமல் புதுச் சென்சார் வாங்கிப் போட்டுவிட்டு 'டூப்ளிகேட் பார்ட்' என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்கள் உண்டு.

கழற்றும் வேலையில் பெரிய ஆபத்து சூடு. ஓடி நின்ற என்ஜினில் கூலன்ட் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தத்தில், 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடைபட்டிருக்கும். மூடியைத் திறந்த கணமே கொதித்து முகத்தில் அடிக்கும். ஆகவே இது சாயங்காலம் வந்து நிறுத்தியவுடன் செய்கிற வேலை அல்ல, காலையில் எழுந்ததும் செய்கிற வேலை. சாவியை எடுத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட வேண்டும். சில வண்டிகளில் சாவி இல்லாமலே ஃபேன் சுற்றத் தொடங்கும்.

சென்சார் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் கூட்டின் பக்கத்தில், சிலிண்டர் ஹெட்டில் இருக்கும். கொஞ்சம் கூலன்டை வடித்துவிட்டு, கனெக்டரின் பிளாஸ்டிக் கொக்கியை அவசரப்படாமல் அழுத்தி உருவ வேண்டும். பத்து வருட வெக்கையில் அது மொறுமொறுப்பாகியிருக்கும், இழுத்தால் உடையும். பிறகு ஸ்பேனரால் பழையதைக் கழற்றி, புது வாஷரோ ஓ-ரிங்கோ போட்டுப் புதியதைக் கையால் திருகி, கடைசியில் மட்டும் ஸ்பேனரால் இறுக்க வேண்டும். ஹெட் அலுமினியம், பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். அப்புறம் கூலன்டை நிரப்பி, கனெக்டரையும் பேட்டரியையும் மீண்டும் இணைத்து, மூடி திறந்த நிலையிலேயே என்ஜினை ஓடவிட்டு, குமிழ்கள் அடங்கும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். பலர் தவறவிடுவது இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான். காற்று அடைபட்டால் புதுச் சென்சாரும் பொய்தான் சொல்லும்.

வடித்த கூலன்டைச் சாக்கடையிலோ ஊருணிப் பக்கமோ ஊற்றிவிடக் கூடாது. கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாயும் ஆடும் நக்கும், குழந்தையும் தொட்டு வாயில் வைக்கும். அது சிறுநீரகத்தைக் கொல்லும் விஷம். மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய ஆயில் சேர்க்கும் பட்டறையிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

சென்சார் கெடுவதற்கு வயது மட்டும் காரணமல்ல, தண்ணீரும் காரணம். குழாய்த் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீர் நாக்குக்கு எத்தனை இனித்தாலும் ரேடியேட்டருக்கு ஆகாது. அலுமினிய ஹெட், இரும்பு பிளாக், பித்தளைச் சென்சார் எனப் பல உலோகங்கள் ஒரே உப்புத் தண்ணீரில் நனைந்தால் அங்கே ஒரு மின்கலமே உருவாகிறது; உலோகம் அரிக்கிறது, முனையில் உப்பு படிகிறது, சூடு உள்ளே எட்ட நேரமாகிறது. இந்த அரிப்பையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்ட நிறுவனம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கல் நாளில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது. அதற்குப் பக்கத்துத் தெருவிலேயே கார்களுக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்றுவதற்கு ஆகும் செலவு பெரிதல்ல.

'கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தவிர வேறெங்கும் கை வைத்தால் வாரன்டி போய்விடும்' என்ற பயம் இன்னொரு தடை. ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் 2011இல் கொடுத்த புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்றது. வெளியே பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த வாரன்டியையும் ரத்து செய்யக் கூடாது என்றது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின, வழக்குகள் நீண்டன. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென ஓர் இணையதளம் தொடங்கியது. அதன் நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று.

காகிதத்தில் உரிமை இருக்கிறது, பட்டறை மேசையில் கையேடு இல்லை. காரைக்குடியிலிருந்து சில கம்பெனி வண்டிகளின் சர்வீஸுக்கு மதுரைக்கோ திருச்சிக்கோ சுமார் 90 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது. ஒரு சென்சாரின் ஓம் அட்டவணைக்காக அத்தனை தூரம் போகவைப்பது நியாயமில்லை. அதை ஒவ்வொரு நிறுவனமும் தமிழில் வெளியிடலாம், அதில் எந்தத் தொழில் ரகசியமும் இல்லை.

வண்டிக்காரரே சென்சார் மாற்றுவது உள்ளூர் மெக்கானிக்கின் பிழைப்பைக் கெடுக்கும் என்ற வாதமும் நிற்காது. அவருடைய மதிப்பு திருகுவதில் இல்லை, நோயைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. அதற்கு ஸ்கேனரும் பயிற்சியும் வேண்டும். பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் இருக்கிற இந்த ஊரில், பட்டறைக்காரர்களுக்கும் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒன்று நடத்த இடத்துக்கும் ஆளுக்கும் பஞ்சமில்லை.

அதுவரை வாசகர்கள் ஒன்று செய்யலாம். செக் என்ஜின் விளக்கு எரிந்து பட்டறைக்குப் போனால், ஸ்கேனரில் வந்த பழுதுக் குறியீட்டைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சென்சாரையும் கேட்டு வாங்குங்கள்.