வாடகை வாங்குவோர்க்கும் கடமை உண்டு

யானைக்கவுனியில் வாடகைக் கட்டடத்தில் இயங்கும் உணவகத்தில் உண்டவருக்கு, அறிவிக்கப்படாத நிலக்கடலையால் ஒவ்வாமை நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 65ஆம் பிரிவில், உணவைத் தயாரித்தவரையும் விற்றவரையும் இழப்பீடு தரச் சொல்கிறது. உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய். கட்டட உரிமையாளரை அப்பிரிவு சுட்டவில்லை. அமெரிக்காவில் 2023இல் டிஸ்னி வளாகத்து உணவகமொன்றில் உண்ட பெண்மணி ஒவ்வாமையால் உயிரிழந்தார். குடும்பத்தினர் டிஸ்னி மீதும் வழக்குத் தொடுத்தனர்.

சமையலறைப் பிழை முழுவதையும் கட்டட உரிமையாளர்மீது சுமத்துதல் முறையன்று. ஆயினும், ஒவ்வாமைப் பொருள்களை அறிவிக்கும் பலகை வைப்பதை வாடகை ஒப்பந்தத்தில் நிபந்தனையாக்குவது அவர் கடமை என்பதே எமது கருத்து. இழப்பீடு உயிரை மீட்காது. ஆகவே, உண்ணுமுன் சட்னியிலும் இனிப்பிலும் சேர்ந்தவற்றைச் சமைப்பவரிடமே கேட்டறியுங்கள். தெளிவான விடை கிடைக்காவிடில் உண்ணாதிருங்கள்.