தம்பதிகளும் ஜெர்மனி உத்தியோகமும்

கொள்ளிடத்தின் வடகரையிலே, நெல் அரைக்கும் ஆலைகளின் ஓசைக்கிடையே மண்ணச்சநல்லூரில் வளர்ந்த பிள்ளைகளுட் சிலர் இன்று பெர்லினிலும் மியூனிக்கிலும் உத்தியோகம் பார்க்கின்றனர். ஒரு தலைமுறைக்கு முன் சிங்கப்பூரும் வளைகுடா நாடுகளுமே நம்மூரார் பெரிதும் அறிந்த அயல்நாடுகள். இப்பொழுதோ, பெண் பேசும் இடத்திலேயே “பையன் ஜெர்மனிக்குப் போகிறவன்” என்பது ஒரு தகுதியாகக் கூறப்படுகின்றது. இதற்குக் காரணமும் உண்டு. ஜெர்மனியில் முதியோர் பெருகி, உழைப்போர் குறைந்துவிட்டனர். 2022 டிசம்பரில் இரு நாட்டு அரசுகளும் இதுபற்றி உடன்படிக்கை செய்துகொண்டன. 2024 அக்டோபரில், இந்தியத் தொழில்வல்லார்க்கு ஆண்டுதோறும் அளிக்கும் அனுமதிகளை 20,000 என்னும் எண்ணிலிருந்து 90,000 வரை உயர்த்துவதாக ஜெர்மன் அரசு அறிவித்தது. கதவு திறந்திருப்பது மெய்யே. அது ஒருவருக்குத் திறந்ததா, இருவருக்குமா என்பதே யாம் ஈண்டு வினவப் புகுவது.

புறப்படுவோர் போடும் கணக்கு பெரும்பாலும் ஒன்றே. யூரோவை ரூபாயாற் பெருக்கி, வந்த தொகையைக் கண்டு மகிழ்வர். வரியும், மருத்துவக் காப்பீடும், ஓய்வூதியப் பங்கும், வீட்டு வாடகையும் கழித்தபின் எஞ்சுவது யாது என்று பார்ப்போர் சிலரே. மனைவியின் படிப்பு அக்கணக்கில் எங்கே இருக்கின்றது என்று பார்ப்போர் அவரினும் சிலர்.

பொறியியல் கற்ற கணவர் ‘புளூ கார்டு’ பெற்றுச் செல்வாராயின், உடன் செல்லும் மனைவி முன்கூட்டியே ஜெர்மன் மொழித் தேர்வு எழுதவேண்டுவதில்லை. அங்கே எவ்வேலையும் செய்ய அவருக்கு உரிமையும் உண்டு. சட்டம் இவ்வளவு தாராளமாயிருப்பதே வினையாகிவிடுகிறது என்பது எம் கருத்து. மொழி கற்கவேண்டா என்றவுடன் கற்காமலே விமானம் ஏறுகின்றனர். கணவருடைய அலுவலகத்தில் ஆங்கிலம் செல்லும். மருந்துக்கடையிலும், வீட்டுக்காரர் எழுதும் கடிதத்திலும் அது செல்லாது. ஆசிரியம், செவிலியம், மருத்துவம் முதலியன அரசின் அங்கீகாரம் பெற்றே செய்யத்தக்க தொழில்கள். ஆசிரியர்க்கோ மாநிலந்தோறும் விதி வேறு. நேற்றுவரை நாற்பது பிள்ளைகளை ஆண்ட ஆசிரியை, டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு முன்னரே கதிரவன் மறையும் பெர்லின் நகரில், பேசத் துணையின்றிச் சன்னலோரம் அமர்ந்திருப்பதை எண்ணிப்பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகளும் அடைத்திருக்கும்.

மனைவி செவிலியராயிருப்பின் ஒழுங்கை மாற்றியமைத்தால் என்ன? அவர் பி-2 நிலை வரை மொழி கற்று, முதலில் செல்லலாம், கணவர் பின்தொடரலாம். “மனைவி சம்பாதிக்கக் கணவன் பின்னாற் போவதா” என்று நகைப்போர் நகைக்கட்டும். தமிழ்நாட்டரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் நடைபெற்று வருகின்றது. தரகரிடம் இலட்சங்களைக் கொடுக்குமுன் அங்கே விசாரித்தல் நலம்.

மொழியைப்பற்றி நமக்குக் கற்பித்தவர் ஜெர்மானியரே. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் ஐயர், சிறுவர்களோடு மணலில் அமர்ந்து எழுத்துக்களை விரலால் எழுதிப் பழகினார். புதிய ஏற்பாட்டை அவர் தமிழில் அச்சிட்டு முடித்தது 1715-இல். நம் திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் 1766-இல் ஆலயம் எழுப்பிய சுவார்ட்ஸ் ஐயரும் தமிழிற் பேசியே நம்மவர் நெஞ்சிற் புகுந்தார். அவர்கள் நம்மிடம் வந்தபோது செய்ததை, நாம் அவர்களிடம் செல்லும்போது செய்தல் முறையன்றோ? ஆறு மாதமேனும் இருவரும் ஒருங்கே அமர்ந்து கற்றபின்னரே நாள் குறிக்கவேண்டும்.

சில்லறை விஷயங்கள் சில. திருமணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்திற் பதிந்து சான்று பெறுக. கோயிற் சீட்டோ ஆலயச் சான்றோ மட்டும் போதுமென்று இருந்துவிட வேண்டா. நம் பெயர்களில் தலைப்பெழுத்து ஒன்றே நின்று, குடும்பப்பெயர் இன்மையால் அங்குள்ள அலுவலர் திகைப்பர். இருவர் கடவுச்சீட்டிலும் மற்றெல்லாப் பத்திரங்களிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கச் செய்க. வாடகை வீட்டிற்கு மூன்று மாத அடிப்படை வாடகை வரை முன்பணம் கேட்கலாம். வருவாயில்லாத மனைவியோ கணவரோ அரசுசார் காப்பீட்டில் தனிக் கட்டணமின்றிச் சேரலாம். ஓய்வூதியத்திற்கு 60 மாதப் பங்களிப்பு வேண்டும். 2017 மே 1 முதல் நடைமுறையிலுள்ள உடன்படிக்கையால் இந்தியாவிற் பணிபுரிந்த காலத்தையும் அதனோடு கூட்டிக்கொள்ள இடமுண்டு. ஐந்தாண்டு கழிந்தபின் அந்நாட்டுக் குடியுரிமை கேட்கலாம். பெற்றால் இந்தியக் குடியுரிமை நீங்கும். இதனைக் கணவன் மனைவி இருவரும் இங்கேயே பேசி முடிவு செய்துகொள்ளாவிடில், அங்கே பிள்ளை பள்ளிக்குச் செல்லும் வயதில் அதுவே பூசலாக மூளும்.

இனிப் பெற்றோர். 2024 மார்ச் 1 முதற்கொண்டு புதிதாக அனுமதி பெறும் தொழில்வல்லார் தம் பெற்றோரையும் வரவழைக்கச் சட்டம் இடந்தருகின்றது; ஆயின் முதியோர்க்கு வேண்டிய மருத்துவக் காப்பீட்டின் செலவு அவ்வழியைப் பெரும்பாலும் அடைத்துவிடும். வரவழைத்தாலும் அவர்கள் அங்கே என் செய்வர்? ஹாம் நகரில் இலங்கைத் தமிழர் எழுப்பி 2002-இல் குடமுழுக்குச் செய்த காமாட்சியம்மன் கோயிலுக்கு ஆண்டுக்கொருமுறை தேர் காணச் செல்லலாம். சமயபுரத்திற்கு நினைத்த மாத்திரத்திற் போய்வந்தவர்க்கு அது போதுமா?

“போய்வரட்டுமா” என்று பெற்றோரைக் கேட்பதிற் பயனில்லை. “போய்வா” என்றே அவர்கள் சொல்வர். கேட்கவேண்டிய வினா வேறு: நள்ளிரவில் நெஞ்சுவலி கண்டால், கொள்ளிடமும் காவிரியும் கடந்து திருச்சிராப்பள்ளி மருத்துவமனைக்கு உங்களை அழைத்துச் செல்பவர் யார்? அவர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக்கொண்ட பின்னர்ப் பயணச்சீட்டு வாங்குக.