கார்த்திகையோடு மழை விடைபெற்றுக் கொள்ளுமா?



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது தீபம் முடிந்து, அகல் விளக்குகளைத் துடைத்துப் பரணில் ஏற்றியிருப்பீர்கள். மார்கழி வாசலில் நிற்கிறது. கோலப்பொடி வாங்க வேண்டும், பூசணிப்பூவுக்குச் சொல்லி வைக்க வேண்டும் என்று மனசு அதிலேயே போய்விடும். குடைகளை மடக்கி மூலையில் சாத்திவிடுவோம். கேட்டால், "கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை" என்று பழமொழி வேறு கைவசம் இருக்கிறது!

கர்ணன் விஷயம் இருக்கட்டும். மழை விஷயத்தில் கடற்கரையோரம் குடித்தனம் நடத்துகிற நாம் இந்தப் பழமொழியை நம்பி உட்கார்ந்துவிட முடியாது. உள்நாட்டுக்காரர்களுக்கு அது ஓரளவு சரியாக இருக்கலாம். சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை கரையோரத்தில் இருக்கும் நமக்கு, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் முடிய உண்டு. சில வருஷம் பொங்கல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும். 2021 ஜனவரியில் அப்படித்தான், தஞ்சாவூர், நாகப்பட்டினம் பக்கம் அறுவடைக்கு நின்ற சம்பா நெல் மழையில் சாய்ந்தது.

பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964-ஆம் வருஷம் டிசம்பர் 22-ஆம் தேதி இரவு. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலையே பயணிகளோடு அலை அடித்துக்கொண்டு போயிற்று. எங்கள் கடலூரை 'தானே' புயல் புரட்டிப் போட்டது 2011 டிசம்பர் 30. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் வெள்ளக்காடானது 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில். அதற்குப் புயல் என்று பெயர்கூடக் கிடையாது, வெறும் காற்றுச் சுழற்சிதான். ஆனால் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது! அந்தப் பக்கத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அது அதிகம்.

இந்த மூன்றும் நடந்தது மார்கழியில்தான். ஆகவே தை பிறக்கும் வரை குடை கதவோரமே இருக்கட்டும்.

வரும் வாரம் எப்படி இருக்கும்?

"வியாழக்கிழமை மழை, வெள்ளிக்கிழமை வெயில்" என்று நான் சொல்ல முடியாது. அது வானிலை ஆய்வு மையத்தின் வேலை. பத்திரிகை அச்சாகி உங்களிடம் வருவதற்குள் வானம் பத்துத் தரம் மாறிவிடும். ஆனால் மார்கழி முதல் வாரம் நம் கரையில் பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் வரும்.

ஒன்று, வாடை வாரம். காற்று வடக்கேயிருந்து வரும். வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். விடியற்காலையில் 21, 22 டிகிரி. மலைப்பக்கத்தார் கேட்டால் "இது ஒரு குளிரா?" என்று சிரிப்பார்கள். ஆனால் கடலின் ஈரத்தோடு சேரும்போது அந்தச் சில்லிப்பு உடம்பில் ஒட்டிக்கொள்ளும். கோலம் போட்டு முடிப்பதற்குள் தலைமுடி பனியில் நனைந்துவிடும்.

இன்னொன்று, கொண்டல் வாரம். கிழக்கேயிருந்து கடல் மேலாக வரும் காற்று. அது ஈரத்தைச் சுமந்துகொண்டு வருவதால் மேகம் கூடும், விடியற்காலைக் குளிர் குறைந்து கதகதப்பாக இருக்கும். "அப்பாடா, குளிர் விட்டுது!" என்று நாம் நினைக்கிற அன்றைக்கே கோழி கூவும் நேரத்தில் சடசடவென்று கொட்டும். அரை மணியில் நின்று வெயில் அடிக்கும். மறுபடி கொட்டும்.

எங்களுக்கு மீன் கொண்டு வருகிற அக்கா கூடையை இறக்கும்போதே சொல்லிவிடுவார்: "வாடை நின்னுடுச்சு தங்கச்சி, கொண்டல் எழும்பியிருக்கு. இன்னிக்குப் போர்வை கீர்வை ஊற வச்சிடாத!" பெரும்பாலும் அப்படியே நடக்கும். ஆனால் கடலுக்குள் தூரத்தில் உருவாகிற தாழ்வுப் பகுதி அந்த அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதற்கு அறிக்கையைத்தான் கேட்க வேண்டும்.

அறிக்கையில் என்ன சொல்கிறார்கள்?

டி.வி.யில் வானிலை அறிக்கை வரும்போது பலர் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். மூன்று விஷயத்தைப் புரிந்துகொண்டால் போதும், அது வீட்டுக்கு உதவும்.

முதலாவது, மழையின் அளவு. ஒரு நாளில் 7 முதல் 11 சென்டிமீட்டர் என்றால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. இதை நம் பாஷையில் சொல்கிறேன். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர் விழும். 15 லிட்டர் குடத்தில் 62 குடம்! இருபது சென்டிமீட்டர் என்றால் ஆயிரத்து இருநூறு குடத்துக்கு மேல். அவ்வளவும் ஒன்றிரண்டு குழாய் வழியாகத்தான் இறங்க வேண்டும். அந்தக் குழாய் வாயில் முருங்கை இலை அடைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது, வண்ணம். மஞ்சள் என்றால் கவனமாக இரு. ஆரஞ்சு என்றால் தயாராகிவிடு. சிவப்பு என்றால் உடனே செயல்படு. சிவப்பு வந்த பிறகு கடைக்கு ஓடுவதில் பிரயோஜனமில்லை. நம் வேலையெல்லாம் மஞ்சளிலும் ஆரஞ்சிலுமே முடிய வேண்டும்.

மூன்றாவது, துறைமுகக் கூண்டு. ஒன்று, இரண்டு என்றால் ஆபத்து கடலில் தூரத்தில் இருக்கிறது. மூன்று என்றால் நம் துறைமுகத்திலேயே பலத்த காற்று வீசக்கூடும். எட்டு, ஒன்பது, பத்து என்றால் பெரும் அபாயம். பதினொன்று, தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கு அடையாளம். எண் ஏற ஏறக் கடல் பக்கம் யாரும் போகக் கூடாது. பிள்ளைகளை "அலை பார்க்கலாம் வா" என்று யாராவது கூப்பிட்டாலும் விடாதீர்கள்.

'தானே' வந்தபோது...

2011-இல் என் பெரியவனுக்கு நாலு வயசு, சின்னவள் எட்டு மாசக் கைக்குழந்தை. முந்தின நாள் மத்தியானமே என் மாமியார் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு விட்டார். "மோட்டாரைப் போடும்மா. தொட்டி ரொம்பட்டும். அண்டா, தவலை, குடம், ஒண்ணு விடாத" என்றார். அவர் பேச்சுக்கு மறுபேச்சு ஏது? எல்லாவற்றையும் நிரப்பி மூடி வைத்தோம். அரிசி வறுத்துக் கஞ்சி மாவு அரைத்தோம். குழந்தைத் துணிகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டினோம்.

விடிகாலையில் வந்த காற்றின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கதவுக்கு முட்டுக் கொடுத்து நின்றார் என் கணவர். காலையில் பார்த்தால் தெருவையே அடையாளம் தெரியவில்லை. பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாய் நின்ற பலா மரங்களும் முந்திரியும் வேரோடு சாய்ந்துவிட்டன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர பன்னிரண்டு நாள். மோட்டார் ஓடாத அந்த நாட்களில், பிடித்து வைத்த தண்ணீர்தான் குழந்தைகளைக் காப்பாற்றியது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெண்ணுக்கு அப்போது பத்தாம் மாதம். "இன்னும் பத்து நாள் இருக்கே" என்றார்கள் வீட்டில். அவள் அம்மாவோ கேட்கவில்லை. புயலுக்கு முந்தின நாளே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்த உறவினர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார். மூன்றாம் நாள் பிரசவம். அன்றைக்குத் தெருவை அடைத்து விழுந்திருந்த புளியமரம் இன்னும் அப்படியே கிடந்தது, சைக்கிள்கூடப் போக முடியாது! தாயும் சேயும் சௌக்கியமாக வீடு திரும்பினார்கள்.

ஆகவே கர்ப்பிணிகள் உள்ள வீட்டாருக்கு என் முதல் வேண்டுகோள் இதுதான். நாள் நெருங்கியிருந்தால், ஆரஞ்சு என்று கேட்டவுடனே ஆஸ்பத்திரிக்குக் கிட்டத்தில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். மழை நிற்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இந்த வாரமே முடிக்க வேண்டியவை

மாடிக் குழாய் வாயையும் வாசல் சாக்கடையையும் சுத்தம் செய்துவிடுங்கள். காஸ் சிலிண்டரை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். டார்ச் விளக்குக்கு பாட்டரி, செல்போனுக்கு சார்ஜ். ரேஷன் கார்டு, ஆதார், பாங்க் புத்தகம், குழந்தையின் தடுப்பூசி அட்டை, டாக்டர் சீட்டு, எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள்.

பெரியவர்களின் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள், வீசிங் உள்ளவர்களுக்கு இன்ஹேலர், இரண்டு வாரத்துக்கு இருப்பு வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் கரண்ட் போனால் பதற வேண்டாம். உபயோகத்தில் இருக்கும் மருந்து, 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் பொதுவாக நாலு வாரம் வரை தாங்கும். பிரிக்காததை ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள், தண்ணீர் படாமல் வைக்கலாம். உங்கள் மருந்துக்கு எப்படி என்று டாக்டரிடம் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் தண்ணீர் ஏறும்போல் தெரிந்தால் உடனே மெயினை அணைத்துவிடுங்கள். அறுந்து கிடக்கும் கம்பி பக்கம் யாரும் போக வேண்டாம். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, ஆம்புலன்ஸுக்கு 108. சமையலறைக் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

குழந்தைகளும் ஈரக் காற்றும்

இந்த நாட்களில் கைக்குழந்தைக்கு வெயில் ஏறிய பிறகு தண்ணீர் வார்த்தால் போதும். சீக்கிரம் துவட்டி, தலைக்கும் காதுக்கும் துணி கட்டுங்கள். பாட்டிமார்கள் என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது: மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விடும். இரண்டு வயசுக்குள் உள்ள குழந்தைக்குக் கற்பூரம் கலந்த தைலமும் ஆகாது. சாம்பிராணி காட்டுவதானால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். மூடிய அறையில் புகை சளியைக் கூட்டும்.

சளி எப்போது ஆபத்து? கடிகாரத்தை வைத்துக்கொண்டு, குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் என்றால் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயசு வரை 50, ஒன்று முதல் ஐந்து வயசு வரை 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ, விலா உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ கஷாயம் வைத்துக்கொண்டு நிற்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். கொட்டுகிற மழையானாலும் சரி!

வெள்ளம் வந்த ஊரில் குடிதண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து, ஆறவைத்துத்தான் குடிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கைவசம் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து அடிக்கடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

மழை விட்ட பிறகு, தேங்காய் மூடி, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு இவற்றில் தேங்கிய தண்ணீரை வாரம் ஒருமுறை கட்டாயம் கொட்டிவிடுங்கள். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரா வாரம் கொட்டினால் பறக்கும் முன்பே ஒழிந்துவிடும். தேங்கிய தண்ணீரில் நடந்து வந்தவருக்குக் காய்ச்சல் கண்டால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள்.

சின்னச் சின்ன குறிப்புகள்

* ஈரக் காற்றில் உப்பு கசியும். ஜாடியில் சிறு துணியில் முடிந்த அரிசி ஒரு பிடி போட்டு வைக்கலாம்.

* இட்லி மாவு புளிக்க நேரம் பிடிக்கும். சாயங்காலம் கொஞ்சம் முன்னாலேயே அரைத்து, அடுப்புப் பக்கத்தில் வையுங்கள்.

* தீப்பெட்டியைக் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள்.

* மெழுகுவத்தியைக் கொசுவலைப் பக்கத்தில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

* காயாத துணியைக் குழந்தைக்குப் போடாதீர்கள். ஃபேனடியில் கொடி கட்டி உலர்த்தி, இஸ்திரி போட்டுவிடுங்கள்.

வாடை வாரமாக அமைந்து, ஒரு சொட்டு மழையும் இல்லாமல் மார்கழி போய்விட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. மாடிக் குழாய் சுத்தமாயிற்று, மருந்து இருப்பில் இருக்கிறது, காகிதங்கள் ஓரிடத்தில் இருக்கின்றன. நிம்மதியாகப் பெரிய கோலமாகப் போடுங்கள்!

அடுத்த இதழில் சந்திப்போம்.