இந்த வயசிலேயா?

"இந்த வயசிலேயா?" என்று கேட்டுத்தான் நம்மவர்கள் ஒரு மனுஷனுடைய வாழ்க்கைக்கு முற்றுப்புள்ளி வைக்கிறார்கள். கேட்கிறவருக்குப் பதில் வேண்டியதில்லை. கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து லேசாகச் சிரித்தால் போதும். கேட்கப்பட்டவர் ஆணாக இருந்தால் அசடு வழிவார். பெண்ணாக இருந்தால் அன்றைக்கே வாயை மூடிக்கொள்வாள்.

சில காலத்துக்கு முன்பு ஒரு வாரப் பத்திரிகையில் நான் எழுதிய தொடர்கதைக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே கேள்விதான் இருந்தது. கதையில் நாற்பத்தெட்டு வயதுப் பள்ளி ஆசிரியை ஒருத்தி வருகிறாள். கணவன் இறந்து பதினோரு வருஷம் ஆகிறது. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அவள், தன்னைப் போலவே துணையை இழந்த ஒரு கணக்கரை விரும்பி மணந்துகொள்கிறாள். இதற்குத்தான் அத்தனை கோபம். "பேரன் எடுத்தவளுக்குக் கல்யாணமா?" என்றார் ஒரு அன்பர். "இதையெல்லாம் எங்கள் வீட்டுப் பெண்கள் படிக்கிறார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கிறதா?" என்றார் இன்னொருவர்.

அதே கதையில் அந்த ஆசிரியையின் மைத்துனன் ஒருவனும் வருகிறான். வயது ஐம்பது. மனைவி இறந்து வருஷம் திரும்புவதற்குள் முப்பத்துநாலு வயதுப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொள்கிறான். அவனைப் பற்றி ஒரு கடிதமாவது வந்ததா? வந்தது, ஒன்றே ஒன்று. ஒரு சகோதரி எழுதியிருந்தார்: "பாவம், ஆண்பிள்ளை. அடுப்படியில் எத்தனை நாள்தான் திண்டாடுவான்?"

அந்தச் சகோதரியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. நம் சமூகம் நடுவயதுக்காரர்களுக்குப் போட்டிருக்கும் விதியை அவர் ஒரே வரியில் எழுதிவிட்டார். நாற்பதைத் தாண்டியவன் துணை தேடலாம். ஆனால் அதற்கு ஒரு காரணம் காட்ட வேண்டும். குழந்தைகளைப் பார்க்க ஆள் இல்லை, வயதான தாயாருக்கு மருந்து கொடுக்க ஆள் இல்லை, காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் இல்லை என்று ஏதாவது சொல்ல வேண்டும். "அவளை எனக்குப் பிடித்திருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அவன் மானம் போய்விடும். பெண்ணுக்கோ காட்டுவதற்குக் காரணமே கிடையாது. கஞ்சி வைக்கத் தெரிந்தவளுக்கு யார் கஞ்சி வைத்துக் கொடுக்க வேண்டும்?

இந்தக் காரணம் கேட்கும் வழக்கத்தைத்தான் நான் எதிர்க்கிறேன்.

"இது நம் பண்பாடு ஐயா, புலவர்களே சொல்லியிருக்கிறார்கள்" என்று எழுதிய தமிழாசிரியர் ஒருவருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் சொல்வது பொய்யல்ல. ஒத்த அன்பை ஐந்திணை என்றும், ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் வகுத்த தொல்காப்பியர், இளமை கழிந்த பிறகு வரும் காதலைப் பெருந்திணையில்தான் வைத்தார். உரை எழுதிய இளம்பூரணர் அதை மூன்றாகப் பிரித்தார். ஆண் முதியவனாகவும் பெண் இளையவளாகவும் இருப்பது ஒன்று. பெண் முதியவளாகவும் ஆண் இளையவனாகவும் இருப்பது மற்றொன்று. இருவருமே இளமை நீங்கியவர்களாக இருந்து, அறத்தில் செல்ல வேண்டிய மனம் காமத்தில் செல்வது மூன்றாவது.

முதல் இரண்டிலும் பொருத்தக் குறைவு இருக்கிறது என்றால் அதைப் பற்றிப் பேசலாம். மூன்றாவதில் என்ன பொருத்தக் குறைவு? அவனுக்கு ஐம்பத்துமூன்று, அவளுக்கு நாற்பத்தெட்டு. இதைவிட ஒத்த ஜோடி எங்கே கிடைக்கும்? இளம்பூரணருக்கு என் வணக்கம். ஆனால் அறம் ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம் என்று அவர் இழுத்த கோட்டை நான் ஏற்கவில்லை. அன்போடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வது அறத்தில் சேராதா?

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இளமை எங்கே முடிகிறது என்ற கணக்கு எல்லாக் காலத்துக்கும் ஒன்றல்ல. 1929-இல் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணின் கல்யாண வயதைப் பதினாலு என்று வைத்தது. அதுவே பெரிய சீர்திருத்தமாக அன்றைக்குத் தெரிந்தது. பதினாலில் தாலி கட்டிக்கொண்டவள் முப்பத்தைந்தில் பாட்டி ஆனாள்; நாற்பத்தெட்டில் கிழவி என்றால் அதில் ஒரு நியாயம் இருந்தது. சுதந்திரம் வந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டுகள். குழந்தைச் சாவுகள் சேர்ந்த கணக்கு அது. முப்பத்திரண்டில் எல்லோரும் போய்விட்டார்கள் என்று அர்த்தமில்லை. ஆனாலும் மரணம் பக்கத்திலேயே இருந்த காலம்தான். இன்றைக்குச் சராசரி ஆயுள் எழுபதை ஒட்டி இருக்கிறது. நாற்பத்தெட்டு வயதுக்காரி இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் வாழப்போகிறவள். அந்தக் காலத்தை என்ன செய்யச் சொல்கிறீர்கள்? கோயிலுக்குப் போகச் சொல்கிறீர்கள். போகட்டும். கோயில் நடை சாத்திய பிறகு?

நடுவயது என்பது உடம்புக்கு வருவதற்கு முன்னால் பிறர் வாயில் வந்துவிடுகிறது. நேற்று வரை "அண்ணே" என்று சில்லறை கொடுத்த பஸ் கண்டக்டர் இன்றைக்கு "பெரியவரே, உள்ளே போங்க" என்கிறார். நமக்கு நரைத்தது அப்போதுதான் நமக்கே தெரிகிறது. பெண்களுக்கு இது இன்னும் கடுமை. "அக்கா" என்றிருந்தவள் காய்கறிக் கடையில் திடீரென்று "அம்மா" ஆகிறாள். மரியாதைதான், மறுக்கவில்லை. ஆனால் ஊருக்கே அம்மா ஆகிவிட்டவள் ஒருவனைப் பார்த்து மனம் மலர்ந்தால், ஊர் முழுவதும் தன் சொந்தத் தாயார் தவறிவிட்ட மாதிரி துடிக்கிறது.

நம் கதைகளும் அப்படித்தான். ஔவையார் கல்யாணத்திலிருந்து தப்ப விநாயகரிடம் வேண்டி இளமையிலேயே கிழவி ஆனார் என்பது எல்லோரும் கேட்ட கதை. காரைக்கால் அம்மையார் அழகிய உடலை உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்டார். இளமையைக் கழற்றி வைத்தால்தான் ஒரு பெண் தன் இஷ்டப்படி நடமாடவும் பேசவும் முடியும் என்ற நாட்டின் கதைகள் அவை. ஆண்களின் கதை வேறு. சந்தனு மகாராஜா, வளர்ந்த மகன் இருக்கும்போது, படகோட்டும் பெண் மேல் ஆசைப்பட்டு உருகினான். தகப்பனுக்காக மகன் பிரம்மசரிய சபதம் எடுத்துப் பீஷ்மன் ஆனான். தேவர்கள் பூமாரி பொழிந்தார்கள். சந்தனுவைப் பார்த்து "இந்த வயசிலேயா?" என்று யாரும் கேட்கவில்லை. தாய்க்காக அப்படிச் சபதம் எடுத்த மகன் கதையை நான் படித்ததில்லை.

காரணம் காட்டும் விதி எவ்வளவு வலியது என்பதற்கு ஒரு சரித்திர உதாரணம் சொல்கிறேன். 1949 ஜூலையில் பெரியார் ஈ.வெ.ரா. மணியம்மையாரை மணந்தார். அவருக்கு எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. மணியம்மையார் பல ஆண்டுகள் இளையவர். கழகத்தில் பெரும் புயல் எழுந்தது. அந்தச் செப்டம்பரிலேயே பிரிந்தவர்கள் தி.மு.க.வைத் தொடங்கினார்கள். அந்தப் பிளவின் அரசியல் எனக்கு இங்கே வேண்டாம். பெரியார் சொன்ன காரணத்தை மட்டும் பாருங்கள்: இயக்கத்துக்கும் அதன் சொத்துக்கும் நம்பத்தக்க ஒரு வாரிசு வேண்டும் என்றார். அது முழு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சாஸ்திரத்துக்கோ சம்பிரதாயத்துக்கோ பதில் சொல்லக் கடமைப்படாத அந்த மனிதரே, இந்த விஷயத்தில் ஊருக்கு ஒரு உபயோகமான காரணத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. அப்படியானால் ஒரு பள்ளி ஆசிரியை எம்மாத்திரம்?

விளைவைக் கணக்கில் பாருங்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் கணவனை இழந்து வாழும் பெண்கள் நாலு கோடிக்கு மேல். மனைவியை இழந்து வாழும் ஆண்கள் ஒரு கோடிக்குச் சற்று மேல். பெண்கள் அதிக நாள் வாழ்கிறார்கள், கணவனைவிட வயதில் இளையவர்களாக இருக்கிறார்கள் என்பது ஒரு பகுதி விளக்கம். மற்றது நமக்கே தெரியும்: அவன் மறுபடி கட்டிக்கொள்கிறான், அவள் கட்டிக்கொள்வதில்லை. கல்யாண விளம்பரங்களைப் புரட்டினால் ஐம்பது வயது ஆண் முப்பத்தைந்து வயதுப் பெண்ணைத் தேடுகிறான், அதுவும் "குழந்தை இல்லாதவராக". தன் குழந்தைகளுக்கு அவள் தாயாக வேண்டும். அவள் குழந்தைக்கு இவன் தகப்பனாக மாட்டான்.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மாள் இருக்கிறார். ஐம்பத்திரண்டு வயது. கணவர் காலமானபின் தனியாக இருக்கிறார். மகன் வெளியூரில் நல்ல உத்தியோகம். மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறான். அம்மாவின் பாதுகாப்புக்கென்று கூடத்தில் ஒரு காமிராவும் மாட்டி, தன் கைப்பேசியில் பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறான். அந்த அம்மாளோடு முன்பு வேலை பார்த்த ஒருவர் வாரம் ஒருநாள் மாலையில் வந்து, ஒரு மணி நேரம் பேசிக் காப்பி சாப்பிட்டுவிட்டுப் போவார். மூன்றாவது வாரம் அவர் நாற்காலியில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் தொலைபேசி அடித்தது. "யாரும்மா அது?"

அவ்வளவுதான். அவர் பிறகு வரவில்லை. அந்த இருவரும் கல்யாணம் என்ற வார்த்தையைக்கூட உச்சரித்ததில்லை. அந்த அம்மாள் இப்போது மாலை வேளைகளில் கூடத்தில் உட்காருவதில்லை. சமையலறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். அங்கே காமிரா இல்லை.

"ஏம்மா, நாங்க இல்லையா?" என்று கேட்கும் பிள்ளைகள் கெட்டவர்கள் அல்ல. பெற்றோர் பராமரிப்புக்கு 2007-இல் ஒரு சட்டம் வந்தது. உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றைப் பராமரிப்பு என்று அது சொல்கிறது. நல்ல சட்டம். சட்டத்தால் அதற்கு மேல் கேட்க முடியாது. ஆனால் இந்த நாலையும் கொடுத்துவிட்டால் தாய்க்கு வேறொன்றும் தேவையில்லை என்று பிள்ளைகள் நினைப்பது என்ன நியாயம்? அதே நாலும் உங்களுக்கும் கிடைக்கிறதே, பிறகு நீங்கள் ஏன் கல்யாணம் செய்துகொண்டீர்கள்?

சில வீடுகளில் மானம் என்ற பேச்சுக்கு அடியில் சொத்து இருக்கிறது. அதையும் வெளிப்படையாகப் பேசுவோம். 1856-இல் விதவை மறுமணச் சட்டம் வந்தபோதே, மறுமணம் செய்தால் முதல் கணவன் சொத்தில் உரிமை போய்விடும் என்று அதே சட்டத்தில் எழுதினார்கள். அந்தச் சட்டம் 1983-இல் நீக்கப்பட்டது. ஆனால் மத்திய அரசு ஊழியரின் விதவை மறுமணம் செய்தால், குழந்தை இல்லாதவளுக்கு வருமான வரம்போடு ஒரு விலக்கு உண்டே தவிர, பொதுவாகக் குடும்ப ஓய்வூதியம் இன்றும் நின்றுவிடுகிறது. கையில் இருக்கும் சோற்றைப் போட்டுவிட்டுத்தான் துணை தேட வேண்டும் என்ற இந்த விதி மாற வேண்டும். வீட்டுச் சொத்துக்கோ வழி இருக்கிறது. உயில் எழுதிப் பதிவு செய்யலாம். "வீடு யாருக்கு அம்மா?" என்று நேராகக் கேளுங்கள், அது கௌரவமான கேள்வி. பணத்துக்காக ஏமாற்றுகிறவனாக இருப்பானோ என்று பயந்தால் விசாரியுங்கள், அதுவும் கடமை. வீட்டுக் கவலையை மறைத்துக்கொண்டு தாயின் நடத்தையைப் பேசாதீர்கள்.

"எல்லாம் சரி, கடைசியில் இது ஆசைதானே?" என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், ஆசைதான். ஆசை இருபத்தைந்தில் வந்தால் பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, மேளம் வைக்கிறீர்கள். ஐம்பதில் வந்தால் அதே ஆசை எப்படி ஆபாசம் ஆகும்? 1954-ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டமும் 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும் குறைந்தபட்ச வயதைத்தான் விதித்தன. இத்தனை வயதுக்கு மேல் கூடாது என்று இரண்டும் சொல்லவில்லை. அந்த மேல்வரம்பை எழுதியது நம் வீட்டுத் திண்ணை.

நாளைக்கு உங்கள் தாயோ, தகப்பனாரோ, அத்தையோ தயங்கித் தயங்கி ஒரு பெயரைச் சொல்லக்கூடும். அதைச் சொல்வதற்கு அவர் பல மாதம் தைரியம் சேர்த்திருப்பார். அப்போது காரணம் கேட்காதீர்கள். உங்கள் தங்கைக்கு வரன் வந்தால் என்ன கேட்பீர்களோ அதைக் கேளுங்கள்: ஆள் எப்படி, குணம் எப்படி, உனக்குப் பிடித்திருக்கிறதா? பிடித்திருக்கிறது என்று சொன்னால், நல்ல நாள் பாருங்கள்.