அழிப்பதற்கென்றே ஆக்குவது

செம்பில் உருவம் வார்க்கும் கம்மியர் முதற்கண் அதனை மெழுகிற் செய்துகொள்வர். மூக்குச் சற்றே கோணினும் மெழுகில் திருத்துதல் எளிது. உலோகம் உருகி ஓடி இறுகியபின் திருத்தப் புகின், உளியும் தேயும், உருவமும் கெடும். பின்னர் அம்மெழுகு உருகி ஒழிந்துபோகும். அது பற்றி அதனை வீணென்பார் எவருமிலர். அரசினர் மக்களுக்கென இணையத்தில் ஆக்கும் படிவங்களுக்கும் இம்மெழுகையொத்த முன்மாதிரி வேண்டும் என்பதும், அஃது எத்தகைய கருவியால் ஆக்கப்படல் வேண்டும் என்பதுமே யாம் ஈண்டு ஆராயப் புகும் பொருளாம்.

தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு இதில் யாது தொழில் என நண்பர் சிலர் நகைத்தல் கூடும். படிவம் என்பது வினாக்களின் கோவை. வினா என்பது சொற்களின் கோவை. ஒரு சொல் ஐயத்துக்கு இடந்தரின், ஓய்வூதியம் வேண்டி விண்ணப்பிக்கும் முதியவர் தமக்குரியதை இழத்தல் கூடும். கடையொன்றின் தளம் விளங்கவில்லையாயின் வேறொரு கடையை நாடலாம். அரசின் படிவம் விளங்கவில்லையாயின் வேறோர் அரசை நாடுதல் இயலுமோ? ஆதலின் இது சொல்லறிந்தாரும் கருத்துச் செலுத்தற்குரிய பொருளேயாம்.

2013ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள், உடல்நலக் காப்பீடு பெறுதற்குரிய ஹெல்த்கேர்.கவ் என்னும் தளத்தை அமெரிக்க அரசினர் திறந்தனர். முதல் நாளில் அதன் வழியே காப்பீட்டிற் சேர முடிந்தவர் 6 பேரே எனப் பின்னர் வெளிப்பட்ட குறிப்புகள் காட்டின. பல நிறுவனத்தார் பகுதி பகுதியாகச் செய்தவற்றை ஒன்றுசேர்த்து முற்றச் சோதித்தற்குப் போதிய காலம் விடப்படவில்லை. முன்மாதிரி ஒன்றே அதனைக் காத்திருக்கும் என யாம் கூறோம். ஆயினும், மக்கள் கையிற் கொடுத்துப் பார்த்தலைக் கடைசி நாளுக்கு ஒத்திவைப்பதன் விளைவு யாதென்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

பிரிட்டனில் வேறொரு நெறி மேற்கொள்ளப்பட்டது. 2011ஆம் ஆண்டு அங்குத் தோன்றிய ‘கவர்ன்மெண்ட் டிஜிட்டல் சர்வீஸ்’ என்னும் அமைப்பினர், 2012 அக்டோபரில் கவ்.யூகே என்னும் ஒரே தளத்தை மக்களுக்குத் திறந்தனர். சேவைகளை வகுப்போர்க்கென அவர் ஆக்கியளித்த கருவி ‘புரோட்டோடைப் கிட்’ எனப்படும். இதனாற் பிறக்கும் மாதிரி வெறும் படமன்று. உலாவியில் இயங்கும் பக்கமாகும். எழுதிய விடையை நினைவிற்கொண்டு அடுத்த வினாவை அதற்கேற்ப மாற்றிக் காட்டவும் வல்லது. இணையத்தில் ஏற்றப்படின் கடவுச்சொல் கேட்கும். வழிப்போக்கர் எவரும் அதனை மெய்ச்சேவையென மயங்காமைப் பொருட்டே இக்காவல். மெய்ச்சேவையை இதனைக்கொண்டே நடத்தலாகாது என அதனை ஆக்கியோரே அறிவுறுத்துகின்றனர். மெழுகு மெழுகாகவே ஒழிதல் வேண்டும் என்பது அவர் கருத்துப்போலும்.

இவ்விடத்து மாறுபடுவாரும் உளர். ஃபிக்மா போன்ற வரைகருவியிற் பலர் ஒரே காலத்தில் ஒரே பலகைமேல் வரையலாம். நிரல் எழுத அறியாதாரும் தயங்காது கைவைக்கலாம். ஆதலின் அதுவே போதும் என்பர். கலந்தாய்தற்கு அது சாலச் சிறந்தது என்பதை யாமும் உடன்படுகின்றோம். ஆயின் படத்துக்கு ஓர் எல்லையுண்டு. பார்வையற்றார் ஒருவர் திரையிலுள்ளதைப் படித்துக்காட்டும் மென்பொருளின் துணையால் படிவம் நிரப்புகின்றார். பெட்டியின் படம் அவர்க்குப் பெட்டியாகுமோ? இன்னும் ஒன்று காண்க. எண் எழுதுதற்குரிய ஒருவகைப் பெட்டியில், மவுசின் உருளையை அறியாது உருட்டின், எழுதிய எண் தானே மாறிவிடுதல் உண்டு. இதனையும் வேறு சில குறைகளையும் கண்டு, 2020ஆம் ஆண்டில் அவ்வமைப்பினர் அப்பெட்டியை விடுத்து வேறுவகையைக் கொள்ளுமாறு அறிவித்தனர். இத்தகைய பிழையை எப்படந்தான் காட்ட வல்லது? ஆகவே, அலுவலர் தம்முட் பேசுதற்குப் படம். மக்கள் முன் வைத்தற்கு இயங்கும் மாதிரி என்பதே எம் துணிபு.

இனி, கூட்டுழைப்பு என்பது ஒரு பலகைமேற் பலர் வரைதலோடு அமைவதன்று. ஒரு துறையார் இடறிக் கற்றதை மற்றைத் துறையார் மீண்டும் இடறாமலே கற்றல்தான் மெய்யான கூட்டுழைப்பு. 2018ஆம் ஆண்டில் அவ்வமைப்பினர் வெளியிட்ட ‘டிசைன் சிஸ்டம்’ இதற்கென்றே அமைந்தது. பெயர், முகவரி, பிறந்தநாள் முதலியவற்றை வினவும் முறைகள் அதில் யாவர்க்கும் வெளிப்படையாக வைக்கப்பட்டுள்ளன. பிற துறையாரும் தாம் ஆய்ந்து கண்டதை அதற்கு வழங்கலாம். முதற்பெயர், குடும்பப்பெயர் எனப் பிரித்து வினவுதல் எல்லார் பெயர்க்கும் பொருந்தாது என அது எச்சரிக்கின்றது. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலையிற் சூடிய தமிழர்க்கு இதன் அருமை விரித்துரைக்க வேண்டுவதில்லை. யாமே ஒருகால் ஒரு விண்ணப்பத்திற் ‘குடும்பப்பெயர்’ என்னும் கட்டத்தின்முன் நெடுநேரம் திகைத்து, முடிவில் ஒரு புள்ளியை இட்டு அப்பாற் சென்றோம். அக்கட்டத்தை வகுத்தோர் நம்மனையார் நால்வர்முன் அதனை ஒருமுறை வைத்துப் பார்த்திருப்பின், அப்புள்ளிக்கு இடமேது?

நம் கல்லூரியினின்றும் அரசுப்பணிக்கும் கணினித் தொழிலுக்கும் செல்வோர் பலர். அவர்க்கு யாம் கூறுவது ஒன்றே. ஆக்கியதை அழிக்க நாணன்மின். அழிப்பதற்கென்றே முதலில் ஆக்குமின். கண்ணொளி குன்றியோரும் எழுத்துக்கூட்டிப் படிப்போரும் இருக்குமிடத்துக்கு அதனைக் கொண்டு சென்று, வாய்மூடி அருகிருந்து நோக்குமின். அவர் இடறுவாராயின் அப்பிழையை அவர்மேல் ஏற்றாது, நும் வினாவின்மேல் ஏற்றுமின். மெழுகிலே திருந்தாதது செம்பிலே திருந்துதல் அரிது.