தாத்தா காரை எழுப்பலாமா?

வீட்டு ஷெட்டில் தாத்தாவோட அம்பாசடரோ, பிரீமியர் பத்மினியோ தூங்குதா பாஸ்? பாலீஷ், சீட் கவர் எல்லாம் அப்புறம். முதல்ல பிரேக்!

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதனால, ரொம்ப நாள் நின்ற காரில் வீல் சிலிண்டர் உள்ளே துருப்பிடித்திருக்கலாம். பல பழைய மாடல்களில் நாலு வீலுக்கும் ஒரே லைன்தான். ஓரிடத்தில் கசிந்தாலும் மொத்த பிரேக்கும் காலி! பழைய ஆயிலை முழுசா வெளியேத்தி, ரப்பர்களை மாத்தச் சொல்லுங்க. பிறகு பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிங்க. மெதுவா உள்ளே இறங்கினால் வண்டியை எடுக்காதீங்க.

அடுத்து, பெட்ரோல் ஹோஸ். இப்போ பங்க்கில் கிடைக்கிற பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் இருக்கு. பழைய ரப்பர் இதைத் தாங்காது. வெடிச்சு, சூடான இன்ஜின் மேல சொட்டினா தீதான். எத்தனால் தாங்கும் ஹோஸா கேட்டு வாங்குங்க. கார்புரேட்டர் கேஸ்கெட்டையும் பாருங்க.

ஹெட்லைட் மங்கலா? ரிலே போடுங்க. பேட்டரி கரண்ட் பழைய சுவிட்சைச் சுத்தாம பல்புக்குப் போகும், வெளிச்சம் கூடும்.

'இன்ஜினையே மாத்திட்டா?' அவசரப்படாதீங்க. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயசு தாண்டின காரை 'விண்டேஜ்' எனப் பதிவு செய்ய, சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது.

அம்பாசடர் தயாரிப்பு 2014-லேயே நின்னு போச்சு. மிச்சமிருக்கிறதை ஓட வைக்கிறது உங்க கையில. ஸாரி, பிரேக் மேல இருக்கிற காலில்!